அக்கா பலகையைச் சுழற்றுகிறாள்

உலகத்து அருவருப்புகளைத் தரவாரியாக வரிசைப்படுத்தும் தகுதி, இன்று உயிரோடிருப்பவர்களில் எனக்கு மட்டுமே இருக்கிறது. எங்கள் கல்லூரிக் கழிவறைக்கே நான் நான்காம் இடம்தான் கொடுத்திருக்கிறேன். முதல் மூன்று இடங்கள் முறையே என் அக்காவின் மூக்கு, அக்காவின் கால் கட்டைவிரல், கடலிலிருந்து வந்து அக்கா குளியலறையில் தொங்கவிடும் ரப்பர் உடுப்பு.

அக்கா பதினொரு வருடம் ஒரு பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவள். 'இருந்தவள்' என்பது ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. போன மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். காரணம், கைட்சர்ஃபிங். இடுப்பில் ஒரு ராட்சதப் பட்டம், காலில் ஒரு பலகை, மூளை கரையில். அவ்வளவுதான் விளையாட்டு. அதைக் கற்றுத்தரும் பள்ளியில் ஓர் ஆசிரியர் வேலை காலியாக இருக்கிறது. எந்நேரமும் வாயில் விசிலோடு திரிவதால் நான் 'விசில்' என்று பெயர் வைத்திருக்கும் பள்ளிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமையோடு காற்றுக்காலம் முடிகிறது. அதற்குள் அவர் கண் முன்னால் குதித்து மேலே போய், பலகையைக் காலிலிருந்து கழற்றி, ஒற்றைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரைத் தொடுவதற்குள் திரும்ப மாட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை. இல்லாவிட்டால் பழைய டாக்டரிடமே போய்ப் பல்லிளிக்க வேண்டியதுதான்.

சமையலறை வாசலில் ஒரு கம்பியை மாட்டி, அதில் இடுப்புப் பட்டையைக் கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு பயிற்சி செய்வாள். பலகையைச் சுற்றுவாள், பிறகு காலை நீட்டி நீட்டி அதில் பாதத்தை நுழைக்கும் வாரைத் தேடுவாள். ஒவ்வொரு முறை டீ போடப் போகும்போதும் முப்பத்துநான்கு வயதுப் பெண்மணி ஒருத்தியின் ஈரக் காலடியில் நான் தவழ வேண்டியிருந்தது. வலது கட்டைவிரல் நகம் கறுத்து, புதன்கிழமை கழன்றே வந்துவிட்டது. அதை எறியாமல் சோப்பு டப்பா மூடியில் வைத்திருக்கிறாள். ஞாபகத்துக்காம். அந்தரத்தில் காலை நீட்டி இல்லாததைத் துழாவுவது முதுகெலும்புள்ள பிராணி செய்கிற காரியமல்ல என்று கல்லூரி இதழில் ஒரு பக்கம் எழுதி நல்ல பெயரும் வாங்கினேன்.

“பதினோரு வருஷமா அடுத்தவன் வாய்க்குள்ளயே பாத்துட்டு இருந்துட்டேன்டா. கொஞ்ச நாள் வானத்தப் பாத்துக்கறேன்.”

“அதுக்கு வேலைய விடணுமாக்கா? கழுத்த நிமித்துனா போதுமே.”

சிக்கலே அந்தக் கழுத்துதான் என்று எனக்கு அப்போது தெரியாது. பலகை கைக்கு வந்ததும் வார் எங்கே என்று குனிந்து பார்த்துவிடுகிறாள். பழக்கதோஷம். கையில் எது கிடைத்தாலும் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அவள் குனிந்தால் பட்டத்தின் பிடியில் இருக்கும் கையும் கூடவே இறங்கும், பட்டம் கீழே பாயும், அக்கா முகத்தால் கடலை அறைவாள். பார்க்காதே, கால் தானாகத் தேடிக்கொள்ளும் என்று விசிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை தொங்கியபடியே கூப்பிட்டாள்.

“டேய், தாடையப் புடி. குனிஞ்சா விடாத.”

பிடித்தேன். பலகை சுற்றும்போதெல்லாம் தாடை என் உள்ளங்கையை அழுத்தியது, பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி. ஐந்தாவது தடவையில், மத்தியானத்திலிருந்து அவள் மூக்குக்குள் குடியிருந்த கடல் வெதுவெதுப்பாக என் மணிக்கட்டில் இறங்கியது. கையை இழுக்கப் போனேன். “விட்டுடாத,” என்றாள். குரல் சரியில்லை. அந்த ஈரத்தில் மூக்கு எவ்வளவு, கண் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை. இருபது தடவை பிடித்தேன். பிறகு மூன்று முறை சோப்புப் போட்டேன், அந்த மூடியைத் தொடாமல்.

ஞாயிறன்று காற்று காலையிலேயே தளர்ந்திருந்தது. மூன்று தடவைக்கு மேல் தாங்காது என்றார் விசில். முதல் தடவை குனிந்தாள், அறைந்தாள். இரண்டாவதும் அப்படியே. கரைக்கு வந்து மண்டியிட்டு உப்புநீர், சளி, கொஞ்சம் ரத்தம் எல்லாவற்றையும் துப்பினாள். பாதி என் செருப்பில் விழுந்தது. முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

“போதும்க்கா. பழைய டாக்டர்கிட்ட வேணா நான் பேசறேன்.”

“வாய மூடு,” என்று சொல்லிவிட்டு பலகையை எடுத்துக்கொண்டு போனாள்.

பட்டம் அவளைத் தூக்கியது. பலகை கழன்றது. சுற்றியது. வெயில் கண்ணில் குத்தியதில், அவள் முகம் வானத்தைப் பார்க்கிறதா, தண்ணீரைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை. பக்கத்தில் விசில் கடலை விட்டுவிட்டு என் காலையே பார்ப்பது ஓரக்கண்ணில் பட்டது. வலது செருப்பு எப்போதோ கழன்றிருந்தது. அந்தக் கால் அந்தரத்தில் நீண்டு, விரல்களை விரித்து, எதையோ துழாவிக்கொண்டிருந்தது. நான் கீழே பார்க்கவில்லை.