உங்கள் வீட்டைப் படமெடுங்கள்

பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் மீடியா துறையில் அந்த ஆசிரியைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பழைய பாடத்திட்டத்தை மூட்டை கட்டிவிட்டு, மாணவர்களை நடுவில் வைத்து அவள் வகுத்த புதிய பாடத்தைத் துறைத்தலைவர் போகிற இடமெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தார். தேர்வு கிடையாது. ஒவ்வொருவரும் தம் வீட்டைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும். வகுப்பே அதைப் பார்த்து அலசும்.

வாயே திறக்காத ஒரு பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் ரேடியோ. அவள் கொண்டுவந்த படத்தில் முகமே இல்லை. மூடிய சமையலறைக் கதவு, உள்ளே அப்பாவின் கத்தல், தட்டு உடையும் சத்தம். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆசிரியைக்குக் கண் கலங்கியது. ரேடியோ தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கைதட்டியவர்களில் யாரோ படத்தை ஃபோனில் அனுப்ப, அது கைமாறிக் கைமாறி அப்பாவின் அலுவலகம் வரை போய்விட்டது. அதன்பின் ரேடியோ வகுப்புக்கு வரவில்லை.

ஆசிரியை விசாரித்துக்கொண்டு போனபோது, தாயும் மகளும் சித்தியின் ஃப்ளாட்டில் இருந்தார்கள். அம்மாவின் கையில் மாவுக்கட்டு.

"வேண்டாம்டின்னு சொன்னேன். மார்க் போயிடும்னு அழுதா," என்றாள் அம்மா.

"நான் யாரையும் கட்டாயப்படுத்தலையே..." என்று தொடங்கும்போதே ஆசிரியைக்கு உறைத்தது. வேறு எதையாவது எடுக்கலாம் என்று தான் சொன்னதே இல்லை.

ரேடியோ நிமிர்ந்தாள். "எங்களுக்கான பாடம்னு சொன்னீங்க மேடம். எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு சவுண்ட் எடிட்டிங் கத்துக்கணும். அவ்வளவுதான்."

பாடத்தை மாற்றப்போவதாக ஆசிரியை சொன்னதும் துறைத்தலைவர் பதறினார். "அடுத்த மாசம் வெளியிலேர்ந்து ஆளுங்க இதைப் பார்க்க வர்றாங்கம்மா!"

"வரட்டும் சார். நடந்ததையும் சொல்லிடறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வகுப்பில் ஆசிரியை எல்லாவற்றையும் சொல்லி, "இதுக்கு நான்தான் பொறுப்பு. இனிமே எதைப் படமா எடுக்கறது, யாருக்குக் காட்டறதுங்கறதை நீங்களே முடிவு பண்ணுங்க," என்றாள். கடைசி வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். "நான்தான் அனுப்பினேன் மேடம். படம் நல்லா இருக்கேன்னுதான்..." அவளைத் திட்ட ஆசிரியைக்கு மனம் வரவில்லை. தானும்தானே கைதட்டினோம்.

ரேடியோ அந்த ஆண்டு திரும்பவில்லை. சனிக்கிழமைகளில் ஆசிரியை லேப்டாப்போடு சித்தி வீட்டுக்குப் போய் அவளுக்கு ஒலித்தொகுப்பு சொல்லிக்கொடுக்கிறாள். மழையையும் லிஃப்டின் முனகலையும் வெட்டி ஒட்டும்போது அந்தப் பெண் சமயங்களில் சிரித்துக்கூட விடுகிறாள். காலிங்பெல் அடித்தால் மட்டும், யார் என்று தெரியும்வரை அந்த வீட்டில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை.