யாருடைய ரொட்டி

ஒவ்வொரு முட்டையையும் தனியாக உடைத்துக் கண்ணாடித் தம்ளரில் ஊற்ற வேண்டும். தம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்று தெரிந்த பிறகே அதைப் பாத்திரத்தில் சேர்க்கலாம். இந்த ஒன்றைச் சமையற்காரி அமலம்மாளுக்கு விளக்குவதற்குள் ஹபீபாவின் பாஸ்காப் பெருநாள் காலை பாதி கரைந்துவிட்டது.

"ஒண்ணொண்ணுக்கும் இப்படி மூஞ்சி பாத்துக்கிட்டிருந்தா, ஐயாமாரு தொழுதுட்டு வந்து, பசியில மறுபடியும் தொழப் போயிருவாங்கம்மா."

"பார் என்றால் பார். வாயைக் குறை."

"வாயைக் குறைச்சா முட்டை நல்ல முட்டையாயிருமாக்கும்."

ஹபீபா வெங்காயத்தை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். பதில் சொன்னால் அது இந்த முட்டையோடு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அமலம்மாள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கைமணம் உண்டு, திருட்டுப் புத்தி இல்லை; ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வதைவிட, சொன்னதற்குத் தானாக ஒரு பொருள் கண்டுபிடித்து அதன்படி செய்வதில்தான் அவளுக்கு விருப்பம்.

பாஸ்காவின் எட்டு நாளும் புளித்த மாவில் ஆன எதுவும் யூதர் வீட்டில் இருக்கக் கூடாது. உண்பது மட்டுமல்ல, சொந்தமாக வைத்திருப்பதே குற்றம். எனவே முதல் நாள் காலைப் பலகாரம், கல்கத்தாவிலிருந்து தகரப் பெட்டியில் வந்த புளிக்காத அப்பத்தில்தான் ஆக வேண்டும். வட்டமான அந்த மெல்லிய அப்பங்களை நொறுக்கி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அடித்த முட்டையில் புரட்டி, வெங்காயத்தோடு எண்ணெயில் பொரித்தெடுக்க வேண்டும். கேட்க எளிதான பண்டம். ஆனால் பினாங்கின் ஈரக்காற்றுக்குத் தகரமும் தடையில்லை. வரும்போது மொறுமொறுவென்றிருந்த அப்பம் இன்று பெட்டியைத் திறந்தால் தோல் செருப்பைப் போல வளைந்தது.

வேறெந்தப் பெருநாளிலும் இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே கடந்திருப்பாள். இந்த முறை நாத்தனார் வந்திருந்தாள்.

ரஹ்மா இந்த வீட்டில் பிறந்து ரங்கூனில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போவதற்கென்றே கப்பலேறி வந்திருந்தாள். கிழவர் ஹெஸ்கேல் அவளுக்கு உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை. "மருமகள் வீட்டைச் சரியாகத்தான் நடத்துகிறாள். பிழை ஒன்று காட்டு, வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். அன்று தொடங்கி ரஹ்மாவின் விரல் படாத அலமாரி இந்த வீட்டில் இல்லை.

ஹபீபாவால் அவரை விட்டுக்கொடுக்க முடியாது. கணவன் எலியாஸ் துறைமுகத்தையும் கடையையும் தவிர வேறெதையும் பேசத் தெரியாத நல்லவன். மாமனாரோ இரவு உணவு முடிந்ததும் பகடைப் பலகையை விரிப்பார். கூச்சமில்லாமல் கள்ளாட்டம் ஆடுவார். பிடிபட்டால் மருமகளையே கள்ளி என்பார். நாள் முழுவதும் அவள் வாய்விட்டுப் பேசுவதும் சிரிப்பதும் அந்தச் சண்டையில்தான். அவர் போய்விட்டால் அந்தக் கூடத்தில் கடிகாரம் மட்டுமே பேசும்.

பெருநாளில் புதிதாக நெருப்பு மூட்டக் கூடாதென்பதால் முந்திய நாளிலிருந்தே கங்கு காத்துவைத்த கரியடுப்பில் எண்ணெய் காய்ந்தது.

"எலுமிச்சம்பழம் எடு. மாமாவுக்கு மேலே பிழியாமல் இறங்காது."

"எலுமிச்சையா?" அமலம்மாள் ஒரு முட்டையை வெளிச்சத்தில் பிடித்தபடியே சொன்னாள். "அதெல்லாம் வீட்டுல ஏதும்மா?"

"முந்தாநாள் கூடை நிறைய இருந்ததே!"

"நீங்கதானே புளிப்பு ஒண்ணும் வீட்டுல இருக்கப்படாதுன்னு சொன்னீங்க? புளி, எலுமிச்சை, பிளிம்பிங்காய், வினிகரு, மாங்கா ஊறுகா ஜாடி, எல்லாத்தையும் தூக்கி அடுத்த வீட்டுக் காமாரியாக்காகிட்ட குடுத்துட்டேன். புளியங்கொட்டைகூட விடல. ஜாடியைத் தூக்குனதுல இடுப்பு இன்னும் வலிக்குது."

ஹபீபாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"புளிப்பு என்றால் புளித்த மாவு, அமலம். பொங்கி உப்புகிறதே, அந்தப் புளிப்பு!"

"எங்க சாமியாரும் பிரசங்கத்துல புளிப்பில்லாத அப்பம்னுதான் சொல்லுவாரு. மாவுன்னு நீங்க சொல்லலையே."

தமிழ் ஆயாவிடம் வளர்ந்து, தமிழிலேயே கனவு காணும் ஹபீபாவுக்கு அந்த மொழியின் மேல் முதன்முறையாகக் கோபம் வந்தது. நாக்கில் படுவதற்கும் மாவுக்குள் நடப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை பேர் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்! பின்வாசலுக்குப் போய் வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தாள்.

"காமாரியா! அந்த எலுமிச்சையில் ஒன்று கொடேன்!"

"அய்யோ, அவ்வளவையும் நறுக்கி உப்புல போட்டுட்டேன்லா!" என்று பதில் வந்தது. "ஊறுன பெறகு ஒரு கிண்ணம் தரேன்!"

திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கு புளிப்பென்று சொன்னதையெல்லாம் அமலம்மாள் அப்புறப்படுத்திவிட்டாள். அப்படியானால் நாக்கு புளிப்பென்று சொல்லாதது?

"அமலம், நேற்றுக் காலையில் மிஞ்சிய பெங்காலி ரொட்டியை என்ன செய்தாய்? புளித்ததையெல்லாம் எரி என்றேனே?"

"ரொட்டி எங்கம்மா புளிச்சுது? கடிச்சுப் பாத்தேன், இனிப்பா இருந்துச்சு. அதனால எரிக்கல. பத்திரமா மேல் தட்டுல வெச்சிருக்கேன்."

"இதோ இங்கேதானே?" என்றது வேறொரு குரல்.

எப்போது வந்தாளென்று தெரியவில்லை, மேல் தட்டுக்கு எதிரே ரஹ்மா நின்றிருந்தாள். அதை மூடியிருந்த துணியை விலக்கியிருந்தாள். உள்ளே, ஒரு பக்கம் பல் பதிந்த அரை ரொட்டி பஞ்சுபோல் உட்கார்ந்திருந்தது.

"பாஸ்கா நாளில், என் அப்பாவின் வீட்டில், ரொட்டி!"

ரஹ்மாவின் குரலில் கோபத்தைவிட மகிழ்ச்சியே மிகுந்திருந்தது. அதைத்தான் ஹபீபாவால் பொறுக்க முடியவில்லை. அடுப்பில் எண்ணெய் புகைந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தொழுகை முடிந்து ஆண்கள் வந்துவிட்டார்கள்.

பதற்றத்தில்தான் அவளுக்கு அந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது. யூதருக்குச் சொந்தமான ரொட்டிதான் குற்றம். வேலைக்காரி தன் சொந்த ரொட்டியைத் தன் தட்டில் வைத்திருந்தால் வீட்டுக்காரருக்குப் பழியில்லை.

"அமலம்," என்றாள் மெதுவாக, கண்ணால் கெஞ்சியபடி, "இந்த ரொட்டி உன்னுடையதுதானே? நீ சாப்பிட எடுத்து வைத்ததுதானே?"

அமலம்மாளின் முகம் சிவந்தது.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க ரொட்டியை நான் ஏன் எடுக்கணும்?"

"எடுத்தாய் என்று சொல்லவில்லை. உன்னுடையது என்று சொல். போதும்."

"எப்படிச் சொல்லுவேன்? உங்க காசுல வாங்குனது, உங்க வீட்டு ரொட்டி! ருசி பாக்க ஒரு கடி கடிச்சேன், அதை நானேதான் சொன்னேன். மாதா மேல ஆணையா ஒரு துண்டு வீட்டுக்குக் கொண்டு போனதில்ல!"

"கொண்டு போயிருக்கலாமே, பாவி!" என்று ஹபீபா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சமையலறை வாசற்படியில் ஹெஸ்கேல் நின்றிருந்தார். பின்னால் எலியாஸ் எதையும் பார்க்காமலிருக்க முயன்றபடி தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பாபா, பிழை காட்டு என்றீர்களே," ரஹ்மா தட்டைச் சுட்டினாள். "பாருங்கள். புதன்கிழமைக் கப்பலுக்கே புறப்படுவோம்."

கிழவர் கிட்டப் போய்ப் பார்த்தார். தொடவில்லை. பெருநாளில் அதைத் தொடவோ நகர்த்தவோ கூடாது.

"ரொட்டி யாருடையது?"

"உங்களுதுதான் பெரியய்யா!" அமலம்மாள் முந்திக்கொண்டாள். "என்னுதுன்னு சொல்லச் சொல்லி அம்மா கட்டாயப்படுத்துறாங்க. திருடின்னு பட்டம் வாங்கிக்கிட்டு இந்த வீட்டுல நான் வேலை செய்யணுமாக்கும்?"

ஹபீபா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை. பிழிந்து வைத்திருந்த அப்பத்தை முட்டையில் போட்டு, அந்தக் கலவையைச் சட்டியில் ஊற்றினாள். சோவென்று சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் தன் மூக்குறிஞ்சல் யாருக்கும் கேட்காது என்பதே அப்போதைக்கு ஆறுதல்.

"பாத்திரம் ஒன்று கொடு, எலியாஸ்," என்றார் கிழவர். செப்புச் சட்டியொன்றை வாங்கி ரொட்டியின் மேல் கவிழ்த்தார். "பெருநாளில் கண்ணில் பட்டால் மூடிவைப்பது. பெருநாளின் முதல் இரண்டு நாளும் கழிந்த பிறகு எரிப்பது. முறை இதுதான்."

"முறை இருக்கட்டும். பிழை பிழைதானே? வருகிறேன் என்று சொன்னீர்கள்!"

"சொன்னேன். புதன்கிழமையும் பாஸ்காதானே? உன் கப்பலின் சமையலறையில் ரொட்டி சுடமாட்டார்களா? அங்கே எத்தனை சட்டியை நான் கவிழ்ப்பது?"

"அப்படியானால் பெருநாள் முடிந்து போவோம்."

"பிழைக்காகத்தான் வருவதாகச் சொன்னேன். பிழை அதற்குள் எரிந்து சாம்பலாகிவிடும்." அவர் மேசைக்கு முன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பொய்யும் சொல்லத் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை, இப்படி ஒரு சமையற்காரி. இரண்டுக்குமாகச் சேர்த்துத் திட்டுவதற்கு ஹபீபாவுக்குத் துணை வேண்டாமா? நான் எங்கும் வரவில்லை. பசிக்கிறது."

ஹபீபா திரும்பவில்லை. கரண்டி மட்டும் வேகமாகப் புரண்டது.

ரஹ்மா ஒரு முக்காலியைத் தூக்கிவந்து, கவிழ்த்த சட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லது. பாபா இருந்தால் நானும் இருக்கிறேன். ரங்கூனுக்குத் தந்தி கொடுத்துவிடு, எலியாஸ், பெருநாள் முடிந்ததும். இந்தச் சமையலறைக்கு ஒரு கண் தேவை. மழைக்காலம் வரைக்கும் இருக்கலாமென்று பார்க்கிறேன்."

எலியாஸ் தொப்பியைத் தடவினான். அமலம்மாள் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

"ரங்கூனம்மாவுக்கும் சேத்துப் பொரிக்கணும்னா முட்டை பத்தாதுங்கம்மா," என்று காதோரம் கிசுகிசுத்தாள்.

"உடை," என்றாள் ஹபீபா பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒவ்வொன்றாகப் பார்த்து உடை."

"எலுமிச்சை எங்கே?" என்று மேசையிலிருந்து கிழவர் கேட்டார்.