அக்கா, எழுத்தைப் பற்றிக் கேட்காதே

அலமாரியில் கேமரா லென்ஸ்கள் ஏழு இருந்தன. ஏழும் ஒன்றுதான் என்று அவள் சத்தியம் செய்வாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவரோ ஏழும் ஏழு ரகம் என்பார். ஒன்றில் தூரம் அடிக்கணக்கில், இன்னொன்றில் மீட்டரில். ஒன்றின் வளையத்தில் பொறித்த எழுத்துக்குள் சிவப்பு, இன்னொன்றில் வெள்ளை. ஒன்றில் பெயருக்கும் நம்பருக்கும் நடுவே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இல்லாத லென்ஸைத் தேடி மனிதர் இரண்டு வருஷம் நாயாய் அலைந்தார். ஒரு புள்ளி இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கப் போய், அவர் விளக்கி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

எக்கேடோ கெடட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் அக்கா குடும்பத்தோடு வெளிநாட்டுக்கே போகிறாள். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: மூன்று பெண்களோடும் ஒரு படம், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. நால்வரும் சேர்ந்து இதுவரை ஒரு படம்கூடக் கிடையாது. விசேஷம் என்று வந்தால் யாராவது ஒருத்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்.

"நானே ஃபிலிம்ல எடுத்துத் தர்றேன்" என்று கணவர் முந்திக்கொண்டார்.

அக்கா கிளம்ப வேண்டிய நாளில் எல்லோரும் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். இவர் லென்ஸை மாட்டினார், கழற்றினார், வேறொன்றை மாட்டினார்.

"இந்தக் கேமராவுக்கு இதுதான் சேரும். மத்ததெல்லாம் பிந்தின காலத்து எழுத்து."

"எழுத்து படத்துல விழுமா?"

"விழாது."

"அப்புறம் என்னங்க?"

பாவம், இவளுக்கு என்ன தெரியும் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

தங்கை போனை எடுத்தாள். அதற்கும் தடை. "போனை உள்ள வைங்க. எல்லாரும் இங்க மட்டும் பாருங்க."

அக்கா கேமராவை உற்றுப் பார்த்தாள். "ஏன் தம்பி, முன்னாடி என்னமோ எழுத்து பளபளன்னு தெரியுதே, அது..."

"அக்கா, கேட்காதே! எழுத்தைப் பத்திக் கேட்டேன்னா உன் ஃப்ளைட்டே போயிடும்!" என்று அவள் குறுக்கே புகுந்தாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் அசடு வழியச் சிரித்துக்கொண்டே ரோல் தீரும் வரை எடுத்தார்.

அக்கா போன மறுவாரம் ஃபிலிம் கழுவி வந்தது. ஒரு முகம்கூட இல்லை, அத்தனையும் வெறுமை. அந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை; மேல் மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் மூடியிருந்தாலும் எல்லாம் தெளிவாகவே தெரியும். லென்ஸுக்குப் பொருத்தமான எழுத்துப் பொறித்த உலோக மூடி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டி அழகு பார்த்தவர், அதைக் கழற்றவே இல்லை.

"ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் சோதிக்கிறீங்க! உங்க கையில இருக்கிற மூடி தெரியலையா? இனி அவ எப்ப வருவா, அம்மா அதுவரைக்கும் இருப்பாங்களா?"

அவர் மூடியைத் திருப்பி எழுத்தைப் பார்த்தார். "அக்கா அந்த மூடியத்தான் கேட்டாங்க. நீதான் கேட்க விடலை."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. பளபளவென்ற அந்த எழுத்தை அவளும்தான் பார்த்தாள். இவரிடம் கேட்டு யார் மாட்டிக்கொள்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அம்மா.

"படம் வந்துடுச்சா? நான் கண்ணை மூடிட்டேனோன்னு ஒரே கவலையா இருக்கு."

"இல்லம்மா. மூடல."

"பெரியவ என் தோள்மேல கை போட்டிருந்தாளே, அது தெரியுதா?"

அவள் போனைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"கேட்குதாடி? அவ கை தெரியுதா?"

"தெரியுதும்மா."

"அப்ப நாளைக்கே கொண்டு வா."