வாய்க்கால் போன வழி

மழை பெய்தால் எங்கள் தெரு வீடுகளில் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் நிற்கும். நகராட்சிப் பொறியாளரோ, "அங்க வாய்க்காலே இருந்ததில்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். தெருச் சங்கத்துக்கு நான் தலைவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது.

"கத்தி என்னப்பா பிரயோஜனம்? எங்க வரைபட நூலகத்துக்கு வாங்க. வெளியாளுங்களும் பாக்கலாம்" என்றாள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள்.

சங்கமே படையெடுத்துப் போனது. நூலகர் அம்மா வாசலிலேயே எங்கள் பேனாக்களை வாங்கி வைத்துக்கொண்டார்; உள்ளே பென்சில் மட்டும்தானாம். அங்கே படிக்கிற பிள்ளைகள் அகலமான இழுப்பறைகளை இழுத்து, தாள்களை இரு கைகளில் ஏந்திப் போனார்கள். அங்கே என் குரல்கூடத் தானாக இறங்கிவிட்டது.

மகள் ஏற்கெனவே நகல் எடுத்து வைத்திருந்த பழைய வரைபடத்திலிருந்து வாய்க்காலை மெல்லிய தாளில் வரைந்தாள். அதை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து, பாலத்தோடு பாலத்தைப் பொருத்தினாள். வாய்க்கால் நேராக எங்கள் சமையலறைக்குள் போனது.

"அண்ணே, அடைச்சது நீங்கதானா?" என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். எல்லார் கண்ணும் என் மேல். எனக்குக் காது மடல் சுட்டது. வாழ்நாள் உழைப்பெல்லாம் போட்டுக் கட்டிய வீடு அது.

மகள் தலை நிமிரவில்லை. "பாலம் பொருந்துது, தண்டவாளம் பொருந்தலையே" என்று முணுமுணுத்தாள். அளவுகோலை எடுத்து நகலின் மேல் வைத்தாள். "தப்பு என்னோடதுதான். நகல் எடுக்கும்போது மெஷின் படத்தைச் சுருக்கிடுச்சு. நான் பாக்கல. அசலை எடுத்துத் தாங்க மேடம்."

அத்தனை பேர் முன்னால் அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அது என்னிடமிருந்து வந்த குணமில்லை, அவள் அம்மாவுடையது.

மறுபடி வரைந்தாள். சமையலறை தப்பியது. கோடு நகராட்சியின் லாரி நிறுத்துமிடத்துக்கு நடுவே போய், எங்கள் வீட்டுப் பின்புறம் என் பட்டறை ஷெட்டின் மேல் ஏறியது. சோறு போடுகிற ஷெட். பென்சில் நின்றது. மகள் என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்கற? அழுத்தி வரை" என்றேன்.

மறுவாரம் பொறியாளர் அந்த வரைபடத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய லாரிகள் நிற்கும் இடத்தை விரல் இரண்டு முறை தடவியது. பிறகு ஷெட்டுக்கு வந்தது. ஓட்டை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"இது யார் ஷெட்டு?"

"என்னுது. நாளைக்கே பிரிக்கறேன். உங்க லாரிய எப்ப எடுக்கறீங்க?"

அவர் இருமினார். தண்ணீர் குடித்தார். "சரி, எடுத்துடலாம். இவ்வளவு சுத்தமா யாருங்க வரைஞ்சது?"

"ஷெட்டுக்காரன் பொண்ணு" என்றேன்.