டோரீன் பெயரில் ஒரு படகு

ஆஸ்க்லி துடுப்புச் சங்கத்தின் கொட்டகையில் பெயர் எழுதிய படகுகள் ஒன்பது. அதில் நான்கு பெயர்களுக்கு உரியவர்கள் தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் இருந்தார்கள். மீதி ஐந்து பேர் உயிரோடு, திடமாக, ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட, தன் பெயர் படகில் ஏறிய பிறகு போட்டியில் துடுப்புப் பிடித்ததில்லை.

இப்படி ஒரு விதி எந்த ஏட்டிலும் கிடையாது. ஆஸ்க்லிக்காரர்களுக்கு ஒருவரைப் பார்த்து ‘போதும், எழுந்திரு’ என்று சொல்ல வாய் வராது. அதற்குப் பதிலாக விழா எடுப்பார்கள். கேக் வெட்டுவார்கள், படம் பிடிப்பார்கள், அடுத்த வாரம் அந்த இருக்கையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சங்கத் தலைவி லோர்னா பெடோஸ் கோப்பையைக் கரண்டியால் தட்டி, “புதுப் படகுக்குக் கமிட்டி ஒரு பேரு முடிவு பண்ணியிருக்கு, ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. டோரீன் விட்லாம்!” என்று அறிவித்ததும், டோரீன் குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். சுக்கான் பிடிக்கும் டிரெவர், கசாப்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஆற்றுக்கு வந்தவர், குரல் மட்டும் ஆறடி உயரம், அவர்தான் முதலில் வாய் திறந்தார். “இனிமே உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போகணும் மகாராணி. கரையில போட்டு ஒடைக்காம இருக்கணும்.”

“ஒடைச்சுப் பாரு, உன்னை நங்கூரமாக் கட்டிடறேன்” என்றாள் டோரீன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அறுபத்தெட்டு வயதில், முப்பது வருடம் தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுந்தவளுக்குச் சிரிக்கவா தெரியாது.

போகும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் ஊர்ப் போட்டி. மூத்த பெண்கள் நால்வர் படகுக்கு மூன்று பெயர்கள் மையால் எழுதப்பட்டிருந்தன. இரண்டாம் இருக்கைக்கு எதிரே பெயர் இல்லை. பத்தொன்பது வருடமாக அது அவளுடைய இடம். அதைச் சுத்தமாக வெற்றாக விட்டுவைத்திருந்தார்கள். பக்கத்தில் மார்னி தன் தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டு நின்றாள். நாற்பத்தொன்பது வயது, பழைய நீச்சல்காரி, அக்டோபரில் சும்மா உடம்புக்கு நல்லது என்று சேர்ந்தவள். “உங்களுக்குத்தான் தகும் டோரீன்” என்று கட்டிப்பிடித்தாள். அவளை வெறுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நல்ல பெண்ணாக இருந்து தொலைத்தாள்.

ட்ரென்ட் ஆற்றங்கரை வழியே வீட்டுக்கு நடந்தபோது டோரீன் தன்னைத்தானே சமாதானப்படுத்திப் பார்த்தாள். நிஜமான மரியாதையாகவே இருக்கக் கூடாதா? இருக்கலாம், வேறு யாராவது ஏமாறுவதற்கு. அவளால் ஏமாற முடியாது. ஏனென்றால் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் இரண்டாம் இருக்கை பில்லிஸ் ஓக்டனுடையது. நான்கு துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்க வேண்டும். பில்லிஸின் துடுப்பு மற்ற மூன்றுக்கும் ஒரு இமைப்பொழுது பிந்தி இறங்கியது. படகு ஒவ்வொரு இழுப்புக்கும் தும்மியது. எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. டோரீன் அப்போது படகில் இடம் கிடைக்காமல் வெளியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தவள். கமிட்டியில் எழுந்து, “பில்லிஸ் இந்தச் சங்கத்தோட முதுகெலும்பு, புதுப் படகுக்கு அவங்க பேரைத்தான் வைக்கணும்” என்றாள். பில்லிஸ் அழுதாள், வழக்கப்படி புதுப் படகின் மூக்கில் மதுவை ஊற்றினாள், படத்துக்கு நின்றாள். அடுத்த செவ்வாய் டோரீன் இரண்டாம் இருக்கையில் இருந்தாள். அதன் பிறகு வந்த தலைவர்களுக்கு அந்த வழி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வியாழக்கிழமை டோரீன் சங்கத்துச் சமையலறைக்குப் போனாள். சனிக்கிழமை விழாவுக்கு பில்லிஸ் ஸ்கோன் என்ற சிறு ரொட்டிகளைச் சுட்டுக்கொண்டிருந்தாள். எண்பத்து மூன்று வயது, ஒரு பிடி உடம்பு.

“வா வாத்துக்குட்டி” என்றாள் பில்லிஸ். அந்தக் கரையில் எந்த வயதுக்காரியும் பிரியமானவளை அப்படித்தான் கூப்பிடுவாள். “உனக்கும் பேரு வெச்சுட்டாங்களாமே. அந்த மாவை இப்படித் தள்ளு.”

“பில்லிஸ், அன்னைக்கு உங்க பேரைக் கமிட்டியில சொன்னது நான்தான்.”

“கமிட்டி நோட்டுல எழுதியிருக்கே, முன்மொழிந்தவர் டோரீன் விட்லாம்னு. எனக்குப் படிக்கத் தெரியாதா?”

“மரியாதைக்குச் சொல்லல. உங்க சீட்டு எனக்கு வேணும்னு சொன்னேன்.”

பில்லிஸ் மாவை வட்டமாக வெட்டிக்கொண்டே இருந்தாள். “அதுவும் தெரியும்டி.”

“அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?”

“எப்படிக் கேக்கறது? ஒரு கையில பூங்கொத்து, இன்னொரு கையில கேக்கு. வாயைத் திறந்தா நன்றிகெட்டவள்னு ஆயிடாதா?” கத்தியை வைத்துவிட்டு முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “என் துடுப்பு லேட்டா இறங்குதுன்னு எனக்குத் தெரியாதுடி. நீங்க எல்லாரும் பாத்தீங்க, என்கிட்ட மட்டும் சொல்லல. ஒருத்தி, ஒரே ஒருத்தி, ‘பில்லிஸ், நீ லேட்டு’ன்னு கத்தியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு, மெதுவாப் போற படகுக்கு மாறியிருப்பேன். ஏதோ ஒரு படகுல இருந்திருப்பேன். பேரு வெச்சப்புறம் எந்தப் படகுல போய் ஏறறது? நான் துடுப்புப் போட வந்தவ. பத்தொன்பது வருஷமா முட்டை சாண்ட்விச் போட்டுட்டிருக்கேன். எனக்கு முட்டை வாசனையே ஆகாது.”

டோரீனுக்கு முகம் கொதித்தது. மன்னிப்புக் கேட்டாள். பில்லிஸ் வெட்டிய வட்டங்களைத் தட்டில் அடுக்கினாள். “அந்தத் தட்டை அடுப்புல வை, சூடு போயிடும்” என்றாள்.

சனிக்கிழமை நாற்பது பேர் கூடினார்கள். புதுப் படகு இரண்டு முக்காலிகளின் மேல் கிடந்தது, முன்மூக்கில் துணி போர்த்தி. லோர்னா பேசினாள். “டோரீன் இந்தச் சங்கத்தோட முதுகெலும்பு” என்றாள். தான் ஒரு காலத்தில் சொன்ன வாக்கியம் அப்படியே தன்னிடம் திரும்பி வருவதைக் கேட்டபோது டோரீனுக்கு அவமானமாக இருந்தது. துணியை விலக்கினார்கள். அவள் பெயர் வெள்ளை எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. கையில் மதுப் புட்டியைக் கொடுத்தார்கள்.

“ஊத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்” என்றாள் டோரீன். “லோர்னா, என் துடுப்பு லேட்டா இறங்குதா?”

நாற்பது பேரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் மழை வரும் போலிருக்கிறது என்றார்.

லோர்னாவுக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. “இதை அப்புறமாப் பேசலாமே டோரீன்.”

“அப்புறம்னா எப்ப? எனக்குக் கல்லறையில கல்லு நட்டப்புறமா?”

“கொஞ்சம்... எப்பவாவது...” என்று இழுத்தாள் லோர்னா.

“பிப்ரவரியில இருந்து” என்றார் டிரெவர். அரை மைல் கேட்கும் அந்தக் குரல் இப்போது பக்கத்து ஆளுக்கே சரியாகக் கேட்கவில்லை. “ஒவ்வொரு இழுப்புக்கும் லேட்டு. எல்லாரையும் பாத்தபடி உக்கார்றவன் நான் ஒருத்தன்தானே. சொல்ல மனசு வரல டோரீன்.”

“மார்னியை உக்காரவெச்சுப் பாத்தோம்” என்றாள் லோர்னா. “படகு நல்லா ஓடுது. நான் சொல்லியிருக்கணும். தைரியம் வரல.”

யாராவது சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்றுதான் டோரீன் நினைத்திருந்தாள். அப்படியெல்லாம் இறங்கவில்லை. வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் கையில் இடமில்லை, புட்டி இருந்தது. ஆனால் புட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. படகின் மூக்கிலிருந்து வாலை நோக்கி மது வழிய ஊற்றி, பெயரைச் சொல்லி முடித்தாள்.

“மார்னி” என்றாள் பிறகு. “கால் பலகையை ரெண்டு துளை தள்ளி வெச்சுக்கோ. உன் காலு என்னுதைவிட நீளம்.”

மார்னி அழுதுவிட்டாள். அவளைத் தேற்றுவதும் டோரீன் தலையிலேயே விழுந்தது.

ஸ்கோன் தட்டு காலியாவதற்குள் டோரீன் உள்ளே போய் அறிவிப்புப் பலகையில் மார்னியின் பெயரைத் தானே எழுதினாள். கீழே, போட்டி நாளின் கடைசிப் பந்தயம், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று விடப்பட்டது. அதில் படகு என்ற இடத்தில் ‘பில்லிஸ் ஓக்டன்’ என்றும், இரண்டாம் இருக்கையில் தன் பெயரையும் எழுதினாள். மற்ற மூன்று இருக்கைக்கு, படகுக்குப் பெயர் தந்துவிட்டு வீட்டில் இருந்த இருவரையும், மூட்டு வலிக்காரி ஒருத்தியையும் தொலைபேசியில் பிடித்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

“சுக்கானுக்கு ஆள் வேணும்.”

“எனக்கு எண்பத்து மூணுடி.”

“வாய் நல்லாத்தானே இருக்கு.”

பில்லிஸ் கையைக் கழுவி, துடைத்து, போட்டிப் படிவத்தை வாங்கினாள். நீச்சல் தெரியுமா என்ற இடத்தில் தெரியும் என்று குறித்தாள். வயது என்ற இடத்தை நிரப்பாமலே திருப்பிக் கொடுத்தாள்.

போட்டி நாளில் காலையிலேயே வெயில். மூத்த பெண்கள் பந்தயத்தில் ‘டோரீன் விட்லாம்’ ஒன்றரைப் படகு நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. கரையில் நின்று கைதட்டியபோது டோரீனுக்குப் பொறாமையாக இருந்தது. கைதட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. சாண்ட்விச் போட ஆள் இல்லாததால், பந்தயம் முடித்து வந்த டிரெவரை ஏப்ரன் கட்டி உள்ளே தள்ளினார்கள். கசாப்புக்காரர் வெண்ணெயைத் தடிமனாகத் தடவுகிறார் என்று புகார் வந்தது.

கடைசிப் பந்தயத்தில் எதிராளிகள் தீயணைப்பு நிலையத்துப் பெண்கள், துடுப்பு பிடித்து ஆறே வாரம் ஆனவர்கள். அவர்கள் முதல் இழுப்பிலேயே முன்னால் போய்விட்டார்கள். ‘பில்லிஸ் ஓக்டன்’ மெதுவாக, தும்மித் தும்மி நகர்ந்தது. கம்பளித் தொப்பியும் மிதவைச் சட்டையுமாக பில்லிஸ் பின்னால் சுக்கான் கயிறுகளைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மூன்று இழுப்புவரை துடுப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்தை நீட்டிக் கத்தினாள்.

“ரெண்டாம் நம்பர்! லேட்டு!”

கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பைச் சீக்கிரம் இறக்கினாள்.

“இன்னும் லேட்டு! டோரீன் விட்லாம், உன்னைத்தாண்டி! காதுல விழுதா? லேட்டு!”

பாலத்தடியிலும் கத்தினாள், பார்வையாளர் கூடாரத்துக்கு எதிரிலும் கத்தினாள். எண்பத்து மூன்று வயதுக் குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏப்ரனோடு வெளியே ஓடிவந்த டிரெவர் வாய் பிளந்து நின்றார். தீயணைப்புப் பெண்கள் கரையேறித் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் பில்லிஸ் நிறுத்தவில்லை.

“ரெண்டு! லேட்டு!”

“விழுது பில்லிஸ், விழுது!” என்று மூச்சிரைக்கத் திரும்பக் கத்திவிட்டு டோரீன் அடுத்த இழுப்பை இழுத்தாள்.