கம்பளம் சுருட்டிய நேரம்

நான் சொல்வதில் சில தப்பாக இருக்கலாம். ஹெலிகாப்டருக்குள் விரித்திருந்த கம்பளம் பாலாடை நிறம் என்று எனக்கு ஞாபகம். என்னோடு வேலை செய்த மெக்கானிக் சாம்பல் என்று சாதிக்கிறான். நிமிடக் கணக்கும் நிச்சயமில்லை. மற்றதெல்லாம் நடந்தது.

பெரிய மனிதர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி இறக்குவதே எங்கள் படைப்பிரிவின் வேலை. சோதனைக்கு வரும் அதிகாரிகள் எஞ்சினை எட்டிப் பார்ப்பார்கள். இருக்கையைத் தடவிப் பார்ப்பார்கள். இருக்கை உறையில் எண்ணெய் விரல் பதிந்ததற்காக ஒருவன் மூன்று மாதம் கழிப்பறை கழுவினான்.

அன்று காலை ஓர் அமைச்சரை மலை முகாமில் இறக்கினோம். அவர் வீரர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் வண்டி பின்னால் உருண்டு முகாமின் சமையல்காரரை இடித்துவிட்டது. தொடையிலிருந்து ரத்தம். முகாம் மருத்துவர் தன் பெல்ட்டைக் கழற்றிக் காயத்துக்கு மேலே இறுக்கினார்.

"உடனே ஏத்துங்க! அரை மணிக்குள்ள ஆஸ்பத்திரி போனா பொழச்சுக்குவாரு."

அமைச்சர் அந்த இடத்திலேயே சரி என்றார். விமானி முன்னால் ஏறி, கிளம்பலாம் என்ற எங்கள் சைகைக்குக் காத்திருந்தார்.

நாங்கள் கம்பளத்தைக் கழற்ற ஆரம்பித்தோம். யாரும் சொல்லவில்லை. கை தானாகத் திருப்புளியைத் தேடியது.

"மச்சான், அந்த மூலை ஸ்க்ரூவ எடு," என்றான் கூட இருந்த மெக்கானிக். "கறை பட்டுச்சு, நம்ம தோல உரிச்சுப் புதுக் கம்பளம் போட்டுருவாங்க."

நான் சிரித்தேன்.

"என்னய்யா பண்றீங்க?" மருத்துவர் கத்தினார்.

"ஆச்சு சார், ரெண்டே ஸ்க்ரூ."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த சமையல்காரர் தலையைத் தூக்கினார். "அண்ணே, நான் ஓரமாப் படுத்துக்கறேண்ணே. அழுக்காக்க மாட்டேன்."

ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. பத்து நிமிடமோ பன்னிரண்டோ ஆகியிருக்கும். சுருட்டிய கம்பளத்தைப் புல்லில் வைத்து, அதன்மேல் தார்ப்பாயும் போர்த்தினோம். அவருக்கு வெறும் இரும்புத் தரைதான். ஆஸ்பத்திரி கூரை கண்ணுக்குத் தெரிந்தபோது மருத்துவர் அவர் கையை விட்டார்.

படைப்பிரிவின் நாற்பதாவது ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை எனக்கு வந்தது. இதையும் எழுதிக் கொடுத்தேன். தளபதி படித்துவிட்டு, கனிவாகவே பேசினார்.

"இது எதுக்குப்பா? மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே. நாப்பது வருஷம், ஒரு விபத்து இல்ல. அதுதான நம்ம வரலாறு?"

"ஒரு ஆள் செத்தாரு சார்."

"பயணிகள் பட்டியல்ல அவர் பேர் இல்லையே."

அந்தப் பக்கத்தை அவர் நீட்டினார், வாங்கிக்கொண்டு வந்தேன். மலர் நல்ல தாளில் வெளிவந்தது. எழுதியவர் என்று என் பெயர் இருக்கிறது.

அமைச்சர் முதுமையில் இறந்தார். விமானி தனியார் நிறுவனத்தில் சேர்ந்தார். மருத்துவர் அந்த வருடமே ராணுவத்தை விட்டார். தளபதிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. என்னோடு இருந்த மெக்கானிக் மகள் வீட்டில் இருக்கிறான். வாரம் ஒருமுறை போனில் பேசுவான். சமையல்காரரின் மனைவிக்கு அதே முகாமின் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் வேலை கொடுத்தார்கள். நான் முழு ஓய்வூதியத்தோடு வெளியே வந்தேன்.