தலைவர் ஊற்றிய சிவப்பு

இதை நான் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. ஜீப் பூசைக்குத் தேங்காய் ஒன்றா உடைத்தார்கள், மூன்றா என்பதில் சந்தேகம் இருக்கிறது. அன்று மழை பெய்ததாகவும் ஒரு ஞாபகம். ஆனால் அக்கரப்பத்தனையில் மழை பெய்யாத நாளை ஞாபகம் வைத்திருப்பதுதான் சிரமம். ஜீப்பில் ஊற்றிய அந்தக் கூலன்டின் நிறம் மட்டும் மறக்கவில்லை. அதைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்ச நாளைக்குக் குரக்கன் என்கிற கேழ்வரகுக் கஞ்சி தொண்டையில் இறங்கியிருக்காது.

தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் மாவட்டத் தலைவர் சோலைமலையின் ஜீப்பை ஓட்டியவன் ஜீவராஜ். அதிகம் பேசமாட்டான். அதற்காகவே தலைவர் அவனை வைத்திருந்தார். மனைவி நிஷாந்தி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அவளுக்கு வேலை கொடுக்காத நாட்களில் வீட்டு அடுப்பு எரிந்தது இவன் சம்பளத்தில்தான். தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவன் பெயரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். ஜீப் போனால் போக வேறு இடமில்லை.

மே தின ஊர்வலத்துக்குப் புறப்படும் காலையில் ஜீப்புக்குச் சந்தனம் வைத்துச் சூடம் கொளுத்தினார்கள். எஞ்சினுக்கும் காட்ட வேண்டும் என்று தலைவர் பொனட்டைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் ரேடியேட்டர் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் போத்தலில் அவர் கண் விழுந்தது.

"என்னடா இது, பச்சையா இருக்கு?"

"கூலன்ட்டுங்க ஐயா. எஞ்சின் கொதிக்காம இருக்க ஊத்துறது."

"அது எனக்குத் தெரியும். ஏன்டா பச்சை?"

பச்சை எதிர்ச் சங்கத்தின் கொடி. இவர்களுடையது சிவப்பு. கொடியைத் தவிர இரண்டு சங்கங்களுக்கும் வேறு வித்தியாசம் இருப்பதாக எந்தத் தொழிலாளியும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. அதனால்தானோ என்னவோ, நிறத்தில் மட்டும் அவ்வளவு கவனம்.

"எவனாச்சும் போட்டோ புடிச்சுப் போட்டா மானம் போயிரும் தலைவரே," என்றான் மாயாண்டி. தலைவர் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஆள் அவன். அவனே டவுனுக்கு ஓடிச் சிவப்புக் கூலன்ட் ஒரு கேன் வாங்கி வந்தான்.

"ரெண்டையும் கலக்கக் கூடாதும்பாங்க ஐயா," என்றான் ஜீவராஜ். "எல்லாத்தையும் இறக்கிக் கழுவிட்டு..."

"ஊர்வலம் நிக்குது, இவரு இறக்கிக் கழுவப் போறாராம்!" என்றார் தலைவர்.

போத்தலில் இருந்த பச்சையை மாயாண்டி குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தான். தலைவர் தன் கையாலேயே சிவப்பை ஊற்றினார். ஊர்வலத்துக்குக் கூடியிருந்த சனம் கைதட்டியது. ரேடியேட்டருக்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் பச்சை அப்படியேதான் இருந்தது. அதை யாரும் போட்டோ பிடிக்க முடியாது, ஆகவே அது பச்சையில்லை. குறையக் குறையச் சிவப்பையே ஊற்றும்படி ஜீவராஜுக்கு உத்தரவு. அவனும் ஊற்றினான்.

சில மாதம் கழித்து ஒரு ஏற்றத்தில் ஜீப் புகை கக்கி நின்றது. அக்கரப்பத்தனை டவுனில் மெக்கானிக் ஹசன் நானாவின் கராஜுக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். சூடு ஆறியதும் அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் இல்லை. மண் நிறத்தில் கூழ் இருந்தது.

"ஒயில்தான்," என்றான் மாயாண்டி, எல்லாம் தெரிந்தவனாக. "எஞ்சின் ஒயிலு தண்ணியில எறங்கிருச்சு."

"ஒயிலையும் தண்ணியையும் பிரிக்கிற கேஸ்கட்ட எரிச்சுட்டான்," என்றார் தலைவர், ஜீவராஜைப் பார்த்து. "ஓட்டத் தெரியாதவன்கிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்."

"ரெண்டு டாக்டருமா கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க," என்றார் ஹசன் நானா.

ஒயில் அளக்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தார். ஒயில் மூடியைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். "தண்ணி கலந்திருந்தா இங்க பாலாட மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருக்கும். ஒண்ணுமில்ல. கேஸ்கட் நல்லா இருக்கு." பிறகு கூழை இரு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். "துருவா இருந்தா மணல் மாதிரி நெருடும். இது ஜெலி மாதிரி இருக்கு. சேராத ரெண்டு வகையக் கலந்து நல்லா வேக வச்சிருக்கீங்க. யாரு சமையல்காரர்?"

கராஜ் வாசலில் ஆட்டோக்காரர்கள் நான்கைந்து பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். தலைவர் அவர்களைப் பார்த்தார், பிறகு ஜீவராஜின் தோளில் கை போட்டார்.

"நீதானே ஜீவா ஊத்துன? ஒத்துக்கிட்டா வேலைக்கு ஒண்ணும் வராது. தொழிலாளி தப்புப் பண்ணா மன்னிக்கிறதுதான் நம்ம சங்கம்."

ஆமாம் என்று சொல்வது ஜீவராஜுக்குப் புதிதல்ல. சம்பளம் கூடிவிட்டது என்று தலைவர் மேடையில் சொன்னபோது ஆமாம் என்று தலையாட்டியவன்தான், வீட்டில் கூடாத சம்பளத்தை வைத்துக்கொண்டு. இதையும் சொல்லிவிடலாம். ஆனால் இந்த மன்னிப்பு அடுத்த கூட்டத்தில் மேடை ஏறும். அதற்கடுத்த கூட்டத்திலும் ஏறும். நிஷாந்தி ஈரத் தரையில் உட்கார்ந்து அதற்குக் கைதட்ட வேண்டியிருக்கும்.

"இல்லீங்க," என்றான். "முதல்ல ஊத்துனது நீங்கதான். பச்சை ஆகாதுன்னீங்க. கலக்க வேணாம்னு நான் சொன்னேன். சனமெல்லாம் கைதட்டுச்சே, மறந்துட்டீங்களா?"

ஒரு ஆட்டோக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். அடங்கவில்லை.

"எஞ்சின் எந்தச் சங்கத்துலயும் இல்ல தலைவரே," என்றார் ஹசன் நானா. "அதுக்குக் கலரும் தெரியாது. என்ன வகைன்னு பாத்து ஊத்தணும்."

தலைவர் தோளிலிருந்து கையை எடுத்தார். "சாவிய வச்சிட்டுப் போடா. துரோகி."

ஜீவராஜ் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தான். பத்துப் பேர்கூடக் கேட்காத ஒரு உண்மையைச் சொல்லக் கையில் இருந்த ஒரே வேலையைக் கொடுத்தது புத்திசாலித்தனமா என்று வழி நெடுக யோசித்தான். இல்லை என்றுதான் தோன்றியது. ஆனாலும் திரும்பவில்லை.

ரேடியேட்டர் அடைத்துப் போயிருந்ததால் புதிது போட வேண்டியதாயிற்று. சோலைமலை அடுத்த தேர்தலில் பிரதேச சபைக்குத் தெரிவானார். இப்போது வேறு ஜீப், வேறு டிரைவர். மாயாண்டி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். ஹசன் நானா கராஜைப் பெரிதாக்கியிருக்கிறார். ஜீவராஜ் ஏழெட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, பிறகு ராகலையில் மரக்கறி லொறி ஓட்டப் போனான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. நிஷாந்தி அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள்.